மேடையில் நடக்கும் எலும்புக்கூடு

பள்ளி ஆண்டு விழாவில் ஒரு மர்ம நாடகம். விளக்குகள் மங்குகின்றன. கறுப்பு உடையில் வெள்ளை எலும்புகளை வரைந்துகொண்டு ஒரு நடிகர் மேடைக்கு வருகிறார். நடுங்க வேண்டிய அவையோர் 'கொல்'லென்று சிரித்து விடுகிறார்கள்! முகமூடி நன்றாகத்தான் இருக்கிறது. எலும்புகளும் நிறையவே இருக்கின்றன. பின் ஏன் சிரிப்பு? அவர் காலை மடக்கும்போது, வரைந்த தொடை எலும்பு நடுவில் வளைகிறது. எலும்பு வளையுமா? மூட்டில் அல்லவா கால் மடங்க வேண்டும்?

மாணவ நண்பர்களே, எலும்புக்கூடு வேடத்துக்கு இரண்டு விஷயங்கள் முக்கியம். மூட்டுகள் சரியான இடத்தில் இருக்க வேண்டும். கறுப்பு, உண்மையிலேயே கறுப்பாக இருக்க வேண்டும். இதிலுள்ள அறிவியலைக் காண்போமா?

மாரேயின் கறுப்பு உடை

எட்டியென் ஜூல் மாரே (1830–1904) பிரெஞ்சு நாட்டு உடலியல் அறிஞர். மனிதன் நடக்கும்போது கைகால்கள் எவ்வாறு அசைகின்றன என்று அறிய விரும்பினார். அப்போது சினிமா பிறக்கவில்லை. எனவே ஒரே புகைப்படத் தகட்டில் நொடிக்குப் பல முறை படம் பிடித்தார். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பின.

1880-களில் அவர் ஒரு தந்திரம் செய்தார். நடப்பவருக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு உடை அணிவித்தார். கைகால்களின் நீளவாக்கில் வெள்ளைப் பட்டைகளும் மூட்டுகளில் புள்ளிகளும் வைத்தார். பின்னணியையும் கறுப்பாக்கினார். தகட்டில் உடல் மறைந்துபோயிற்று. கோடுகளும் புள்ளிகளும் மட்டும் நடந்து சென்றன!

1973-இல் ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னர் யோஹான்சன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். இருட்டில் ஒருவரின் முக்கிய மூட்டுகள் மட்டும் ஒளிப் புள்ளிகளாகத் தெரியும்படி படம் எடுத்தார். அவர் அசையாதபோது, பார்த்தவர்களுக்கு அவை வெறும் புள்ளிகள். நடக்கத் தொடங்கியதும், "மனிதர் நடக்கிறார்" என்று உடனே கண்டுகொண்டார்கள். ஒரு டஜன் புள்ளிகளே போதுமானவையாக இருந்தன.

ஆகவே அவையோரின் கண் எலும்புகளை எண்ணிக்கொண்டிருப்பதில்லை. மூட்டுகளின் அசைவைத்தான் கவனிக்கிறது. அது தவறினால் வேடம் பொய்த்துவிடும்.

உங்கள் மூட்டுகளைத் தேடுங்கள்

உடலோடு ஒட்டிய கறுப்புப் பனியனும் கால்சட்டையும் தேவை. தொளதொளப்பான உடை உதவாது. எலும்புகள் இடம் மாறிவிடும். உடையைத் தரையில் விரித்து வரையக் கூடாது. நடிகர் அதை அணிந்து நிற்க, மற்றொருவர் சாக்பீஸால் மூட்டுகளைக் குறிக்க வேண்டும்.

இடுப்பு மூட்டு எங்கே இருக்கிறது? பெல்ட் கட்டும் இடம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதற்கும் கீழே! நின்றபடி ஒரு முழங்காலை மேலே தூக்குங்கள். தொடையும் அடிவயிறும் சேருமிடத்தில் ஒரு மடிப்பு விழுகிறதே, ஏறத்தாழ அந்த மட்டத்தில்தான் தொடை எலும்பு தொடங்குகிறது. அதன் நீளம் நம் உயரத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 42 செ.மீ. இருக்கும்.

எலும்பின் இரு முனைகளையும் சற்றுப் பருமனாக வரையுங்கள். மூட்டில் ஒன்றிரண்டு செ.மீ. கறுப்பு இடைவெளி விடுங்கள். மடங்கும் துணி அந்த இடைவெளியில் மடங்கும், வண்ணமும் வெடிக்காது.

விலா எலும்புகள் 12 ஜோடி. மேலுள்ள 7 ஜோடிகள் மார்பெலும்போடு நேராக இணைகின்றன. அடுத்த 3 ஜோடிகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்போடு சேர்கின்றன. கடைசி 2 ஜோடிகளின் முன்முனைகள் எதனோடும் சேராமல் நிற்கின்றன. பலர் விலாக்களை இடுப்புவரை அடுக்கி விடுகிறார்கள். அது தவறு. வயிற்றுப் பகுதியில் முதுகெலும்பின் 5 எலும்புகள் மட்டுமே தெரிய வேண்டும். சுற்றிலும் வெறும் கறுப்பு. அந்த வெறுமையே பார்ப்பவர்களைத் திகிலடையச் செய்யும்!

206 எலும்புகளும் தேவையா?

வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள். அவற்றில் கைகளின் மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை 54, பாதங்களில் 52. பாதிக்கு மேல் இங்கேயே அடங்கிவிட்டன!

அவற்றை ஒவ்வொன்றாக வரைந்து மெனக்கெட வேண்டியதில்லை. நல்ல வெளிச்சத்திலேயே நம் கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. 10 மீட்டர் தொலைவில் அது வெறும் 3 மி.மீ. அதனினும் நெருக்கமான இரு கோடுகள் ஒன்றாகவே தெரியும். மங்கிய ஒளியில் கண்ணின் கூர்மை இன்னும் குறையும். எனவே கறுப்புக் கையுறையில் விரல் எலும்புகளை ஒரு செ.மீ. அகலமுள்ள துண்டுகளாக, இடைவெளி விட்டு வரைந்தால் போதும்.

எந்தக் கறுப்பு?

பளபளக்கும் கறுப்புத் துணி கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பிவிடும். உடனே நடிகரின் தோளும் தொடையும் தெரிந்துவிடும். வெல்வெட்டின் நுண்ணிழைகளோ உள்ளே புகும் ஒளியைத் தமக்குள்ளேயே சிறைப்படுத்துகின்றன. வெல்வெட் விலை அதிகமென்றால் பளபளப்பில்லாத பருத்தித் துணி நல்லது. கடையில் வாங்கிய மாதிரித் துண்டுகளை இருட்டறையில் டார்ச் ஒளியில் ஒப்பிட்டுப் பாருங்கள். எது நல்ல கறுப்பு என்று தெரியும்.

பின்திரையும் அதே கறுப்பாக இருக்கட்டும். விளக்குகளைப் பக்கவாட்டில் வையுங்கள். அப்போது ஒளி நடிகர்மீது மட்டும் படும்; திரை இருளாகவே இருக்கும்.

மண்டை ஓட்டுக்கு, ஊதிய பலூனின்மீது மைதாப் பசையில் தோய்த்த செய்தித்தாள் துண்டுகளை நான்கைந்து அடுக்கு ஒட்டி, நன்கு காய்ந்ததும் முகப்பகுதியை மட்டும் வெட்டியெடுங்கள். கண்குழிகளைப் பெரிதாக வெட்டி, உட்புறம் மெல்லிய கறுப்பு வலைத்துணியை ஒட்டுங்கள். நடிகர் வெளியே பார்க்கலாம். அவையோருக்குக் கண் தெரியாது. மூக்கும் வாயும் மூச்சுவிடத் திறந்தே இருக்க வேண்டும்.

ஒளிரும் வண்ணத்தின் சோகக் கதை

எலும்புகள் இருளில் ஒளிர்ந்தால் இன்னும் நன்றாயிருக்குமே என்று தோன்றுகிறதா? அமெரிக்காவில் 1917 முதல் கடிகார முகப்புகளுக்கு ரேடியம் கலந்த ஒளிரும் வண்ணம் தீட்டும் வேலையில் இளம்பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. ரேடியம் வேதியியலில் கால்சியத்தை ஒத்தது. உடலுக்கு வேறுபாடு தெரியவில்லை. அதைக் கொண்டுபோய் எலும்புகளில் சேர்த்தது. தாடை எலும்புகள் அரித்துப்போய்ப் பலர் மாண்டனர். நியூ ஜெர்சியில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கில் 1928-இல்தான் இழப்பீடு கிடைத்தது.

இன்று 'ரேடியம் ஸ்டிக்கர்' என்று நாம் சொல்வதில் ரேடியம் இல்லை. வாகனங்களில் ஒட்டுபவை தம்மீது விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, அவ்வளவே. ஒளிரும் வண்ணங்களில் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் போன்ற சேர்மங்கள் ஒளியைச் சேமித்து, இருளில் மெல்ல வெளிவிடுகின்றன. இவற்றையும் துணியில் மட்டுமே பூசுங்கள். எந்தச் சுவர் வண்ணமும், இனாமல் வண்ணமும் தோலில் படக் கூடாது. முகத்துக்கு, மேடை அரிதாரத்துக்கென்றே விற்பதை மட்டும் பயன்படுத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. நைலான் உடை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எளிதில் பற்றும். தீப்பந்தமோ குத்துவிளக்கோ அருகில் வேண்டாம். திரைக்குப் பின்னால் இருட்டில் கறுப்பு உடைக்காரர்மீது பிறர் மோதாதிருக்க, ஒரு நண்பர் டார்ச்சுடன் துணை நிற்கட்டும்.

ஒத்திகையின்போது அரங்கின் கடைசி வரிசையில் அமர்ந்து பாருங்கள். எலும்புக்கூடு நடக்கட்டும், உட்காரட்டும், கையை உயர்த்தட்டும். எங்கேனும் எலும்பு வளைகிறதா? சாக்பீஸை எடுங்கள், மூட்டை மறுபடியும் குறியுங்கள்!