மடிக்கணினி வாங்கப் போகிறீர்களா? முதலில் வேலையைச் சொல்லுங்கள்!

அண்மையில் ஒரு மாலை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு தகப்பனார் வந்து நின்றார். பால்மரம் வெட்டுபவர். கையில் மடித்த விளம்பரத் தாள் ஒன்று.

“ஐயா, மூத்த பொண்ணுக்குப் பாலிடெக்னிக்குல இடம் கெடச்சிருக்கு. உங்ககிட்ட படிச்ச புள்ளதான். லேப்டாப் வேணுமாம். கடைக்காரரு இதையே வாங்கச் சொல்றாரு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கே அவங்க அம்மா சங்கிலிய அடகு வச்சி முன்பணம் கட்டிருவேன்.”

தாளைப் பிரித்துப் பார்த்தேன். கரிய நிறக் கணினி. விசைகளில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள். கணினி விளையாட்டுப் பிரியர்களுக்காகச் செய்யப்பட்டது. ரொக்க விலை 2,999 வெள்ளி. தவணை என்றால் முன்பணம் 300 வெள்ளி, பிறகு மாதம் 169 வெள்ளி வீதம் 24 மாதம்.

பலகையில் எழுதிக் கூட்டிக் காட்டினேன். மொத்தம் 4,356 வெள்ளி! ரொக்க விலையைவிட 1,357 வெள்ளி அதிகம். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் இது இரண்டரை மாத உழைப்பு. அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா என்ன படிக்கப் போகுது?” என்று கேட்டேன்.

“கணக்கியலாம் ஐயா.”

கடைக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லையாம்!

நானும் ஏமாந்தவன்தான்

வாசகர்களே, அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஆண்டு கல்வி அமைச்சு பெற்றோர்களிடம் எடுத்த ஆய்வில், நூற்றுக்கு ஏறத்தாழ 37 மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. மடிக்கணினி வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 9 பேர்தான். சபாவில் ஒரு மாணவி அலைவரிசை கிடைக்காமல் மரத்தின் மேல் ஏறி அமர்ந்து பல்கலைக்கழகத் தேர்வு எழுதியதும் அந்த ஆண்டு ஜூன் மாதம்தான்.

அந்தப் பதற்றத்தில் நானும் மகனுக்காக ஒன்றை வாங்கினேன். ‘மலிவாகக் கிடைத்ததே’ என்று மகிழ்ந்தேன். ரேம் 4 ஜிபி, சேமிப்பு 64 ஜிபி. ஒரு வருடம் ஆவதற்குள் இடம் நிரம்பிவிட்டது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிடலாம்! அதிக விலை கொடுத்து ஏமாறுவது ஒரு வகை. குறைந்த விலை கொடுத்து ஏமாறுவது இன்னொரு வகை. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: என்ன வேலைக்கு என்று யோசிக்காமல் வாங்குவது.

யாருக்கு, எதற்கு?

தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குத் தனியாக மடிக்கணினி தேவையில்லை. கல்வி அமைச்சு 2020 ஜூனில் தொடங்கிய ‘டெலிமா’ தளத்தை வீட்டிலுள்ள கைத்தொலைபேசியிலும் திறக்கலாம். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு ஒன்று போதும். அண்ணன் தங்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்தட்டும்.

பாலிடெக்னிக், கல்லூரி, பல்கலைக்கழகம் என்று போகும் பிள்ளைக்குத்தான் சொந்தமாக ஒன்று அவசியம். கணக்கியல், நிர்வாகம், ஆசிரியர் பயிற்சி போன்ற படிப்புகளுக்கு எழுதவும், கணக்கு அட்டவணை போடவும், இணையத்தில் தேடவும் நடுத்தரமான கணினி தாராளம். பொறியியல் வரைபடம், கட்டட வரைகலை, காணொளித் தொகுப்பு ஆகியவற்றுக்கு வலுவான கணினி வேண்டும். அங்கே சிக்கனம் பார்த்தால் பிள்ளை தவிக்கும். ஆகவே கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடைக்குப் போங்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

கணினியை ஓர் அலுவலகமாக நினைத்துக்கொள்ளுங்கள். புராசசர் என்பது அங்கே வேலை செய்யும் கிராணி. ரேம் அவர் மேசை. சேமிப்பு அவர் அலமாரி. மேசை சிறியதாக இருந்தால் எவ்வளவு கெட்டிக்காரக் கிராணியும் திணறுவார்.

ரேம் 8 ஜிபிக்குக் குறைய வேண்டாம். வரைபட வேலைக்கு 16 ஜிபி நல்லது. சேமிப்பு ‘எஸ்.எஸ்.டி.’ வகையாக, குறைந்தது 256 ஜிபி இருக்கட்டும். பழைய சுழலும் தட்டு வகையைவிட இது பல மடங்கு விரைவானது. ‘இ.எம்.எம்.சி.’ என்று எழுதியிருந்தால் நான் பட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். புராசசர், சாதாரணப் படிப்புக்கு இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3, கொஞ்சம் கூட முடிந்தால் ஐ5 அல்லது ரைசன் 5. குரோம்புக் மலிவாகக் கிடைக்கும். ஆனால் விண்டோசுக்கென்று செய்த மென்பொருள்கள் அதில் அப்படியே ஓடா.

விலை உயர்ந்த மென்பொருளுக்கும் பயப்பட வேண்டாம். ‘லிப்ரே ஆபிஸ்’ இலவசம். தமிழில் எழுத, நம் நாட்டுத் தமிழர் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டிலேயே உருவாக்கத் தொடங்கிய ‘முரசு அஞ்சல்’ இருக்கிறது. உலகத் தமிழரெல்லாம் பயன்படுத்துவது மலேசியாவில் பிறந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்!

பழையது வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த திங்க்பேட், லேட்டிடியூட், எலீட்புக் போன்றவற்றைச் சீர்செய்து விற்கிறார்கள். உறுதியான கட்டமைப்பு உடையவை. ஆனால் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. இனி விண்டோஸ் 11 ஏற்கும் கணினியே வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே பெரும்பாலும் ஏற்காது. இதைக் கண்டுபிடிப்பது எளிது: ஐ5-7200 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. மலிவு என்று ஆறையும் ஏழையும் உங்கள் தலையில் கட்டிவிடப் பார்ப்பார்கள்.

கடையிலேயே நின்று சோதியுங்கள். மின்கம்பியைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் ஒரு படத்தை ஓடவிட்டு, பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு விசையையும் தட்டுங்கள். கேமரா, ஒலிவாங்கி, வைபை, மூடியின் கீல் எல்லாவற்றையும் பாருங்கள். பழைய அலுவலகத்தின் கடவுச்சொல் பூட்டு ஏதும் மிச்சமிருக்கிறதா என்று கேளுங்கள். உத்தரவாத நாள்களை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ரசீது வெறும் தாள் அல்ல. வியாபாரி ஏமாற்றினால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே விசாரிக்கிறார்கள். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. முன்பின் தெரியாதவரிடம் சாலையோரத்தில் வாங்கினால் இந்த வழி அடைபட்டுப் போகும்.

வாங்கிய பிறகு

நம் வீடுகளில் பல சாமான்கள் ஒரே மின்செருகியில் தொங்குவதைப் பார்க்கிறேன். கெடாவில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. மின்னும்போது மின்கம்பியைக் கழற்றிவிடுங்கள். மெத்தைமேல் வைத்து வேலை செய்யக்கூடாது. காற்று போகும் துளை அடைபட்டுச் சூடேறும். மடிக்கணினி வாங்கினால் இணையமும் கூடவே வராது என்பதையும் கணக்கில் சேருங்கள். மாதாந்திர இணையச் செலவும் உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும்.

சங்கிலி என்ன ஆயிற்று?

அந்தத் தகப்பனாருடனும் மகளுடனும் மறுவாரம் அலோர்ஸ்டார் போனேன். மூன்று கடை ஏறி இறங்கினோம். மூன்றாவது கடையில் சீர்செய்யப்பட்ட ஒன்று: பத்தாம் தலைமுறை ஐ5, ரேம் 8 ஜிபி, எஸ்.எஸ்.டி. 256 ஜிபி, ஆறு மாத உத்தரவாதம். விலை 1,250 வெள்ளி. விசைகளில் விளக்கு எரியவில்லை. மகளுக்கு முதலில் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. பலகையில் போட்ட கணக்கை அவளிடமும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவள், “இது போதும்பா” என்றாள். கூட்டில் எடுத்த பணம் அதற்கே போதுமானதாக இருந்தது.

போன வாரம் அந்தத் தாயாரைப் பெண்டாங் சந்தையில் பார்த்தேன். “புள்ள நல்லாப் படிக்குது ஐயா” என்றார். சங்கிலி அவர் கழுத்திலேயே இருந்தது.

பெற்றோர்களே, கல்விக்குச் செலவழிக்கத் தயங்காதீர்கள். ஆனால் கேள்வி கேட்கவும் தயங்காதீர்கள். தாயின் சங்கிலியை அடகு வைக்கும் முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன வேலைக்கு? மொத்தம் எவ்வளவு? கெட்டுப்போனால் யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு கடைக்குப் போங்கள். அறிமுகமான ஆசிரியர் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள். உடன் வருவதும் எங்கள் வேலைதான்.