நெல்லும் தகவலும்

ஒரு வியாபார ஸ்தாபனம் செழிப்பாக இருக்கிறதா, நொடித்துப் போகிறதா என்று அறிய விரும்புவோர் அதன் பணப் பெட்டியைத் திறந்து பார்ப்பது வழக்கம். பெட்டியில் இருப்பது நேற்றைய கதை. நாளைய கதையை அறிய வேண்டுமானால், அந்த ஸ்தாபனத்தில் ஒருவனுக்குத் தெரிந்தது மற்றொருவனுக்குத் தக்க சமயத்தில் தெரிகிறதா என்றே பார்க்க வேண்டும். மேனாட்டு வர்த்தகக் கல்லூரிகளில் இதைத் தனிச் சாஸ்திரமாகவே போதிக்கிறார்கள். கொள்முதல், சரக்கிருப்பு, போக்குவரத்து, உற்பத்தி, சிப்பந்திகள், பணப் பட்டுவாடா என்று ஸ்தாபனத்தை அங்கம் அங்கமாகப் பிரித்து, ஒவ்வோர் அங்கத்துக்கும் கணினி வாயிலாகத் தகவல் எவ்விதம் துணை செய்கிறது என்று விளக்குகிறார்கள். தஞ்சைத் தரணியில் பிறந்தவர்கள் இந்தச் சாஸ்திரத்துக்காகக் கல்லூரிப் படி ஏற வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில், ஒரத்தநாட்டிலோ பாபநாசத்திலோ, ஏதேனும் ஒரு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் ஒரு பகல் நின்றால் போதும்.

இந்நாட்டுக்கு இது புதிய வித்தையுமல்ல. 1010-ஆம் ஆண்டில் பூர்த்தியான பெரிய கோயிலின் சுவர்களைப் பக்தியோடு பார்ப்பவர்கள் பலர். கணக்கனின் கண்ணோடு பார்ப்பவர்கள் சிலரே. இராஜராஜன் அக்கோயிலில் பணிபுரியக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் சுமார் 400 பேர். அவர்களில் ஒவ்வொருவரும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியிருக்கிறவர் என்பது கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு பங்குக்கு ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல். அதை அளக்க வேண்டிய மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். பங்குடையவர் இறந்தால் அப்பங்கு யாரைச் சேரும், அவர் தகுதியற்றவரானால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. கோயில் பண்டாரத்திலிருந்து காசு கடன் வாங்கிய ஊர்ச் சபைகள் எவை, அவை செலுத்த வேண்டிய வட்டி எவ்வளவு என்பதும் உண்டு. சிப்பந்திகளின் பேரேடு, சம்பளப் பட்டி, அளவையின் பிரமாணம், கடன் கணக்கு எல்லாம் ஒரே இடத்தில், படிக்கத் தெரிந்த எவனும் படிக்கும்படி வெளிச்சுவரில் இருந்தன. இந்த ‘வெளிச்சுவர்’ என்ற விஷயத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று தஞ்சையின் நெல்லை வாங்கும் பெரிய வியாபாரி தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம். (கழகம் என்று நாம் இங்கே எழுதுவதெல்லாம் நெல் வாங்கும் கழகத்தையே, அரசியல் கழகங்களை அல்ல.) 1972-ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட இந்த ஸ்தாபனம், 2002 முதல் மத்திய சர்க்காரின் பரவலாக்கப்பட்ட கொள்முதல் திட்டத்தில் நெல்லைத் தானே வாங்கி, தானே சேமித்து, அரைத்து, நியாய விலைக் கடைகளுக்கு அனுப்புகிறது. குடியானவர் கொண்டுவரும் நெல் முதலில் தூற்றப்படுகிறது. ஈரப்பதம் சோதிக்கப்படுகிறது, 17 சதவிகிதத்துக்கு மேற்பட்டால் வாங்குவதற்கில்லை என்பது பொதுவிதி. பிறகு 40 கிலோ கொண்ட மூட்டையாக எடை போட்டுத் தைக்கப்படுகிறது. 2025-26 கொள்முதல் பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்துச் சன்ன ரகத்துக்குக் குவிண்டால் 2,545 ரூபாயும், பொது ரகத்துக்கு 2,500 ரூபாயும் விலை. அதாவது பொது ரக மூட்டை ஒன்று சரியாக 1,000 ரூபாய். தொகை நேரே பாங்குக் கணக்கில் செல்கிறது. மூட்டை அங்கிருந்து கிடங்குக்கோ, திறந்தவெளிச் சேமிப்பு நிலையத்துக்கோ, அல்லது ரயில் மூலம் வெளி ஜில்லாக்களின் ஆலைகளுக்கோ போகிறது. ஆலைக்காரர் 100 கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி திருப்பித் தர வேண்டும்.

இச்சங்கிலியில் எந்தக் கண்ணி வலுவானது என்று விசாரித்தால் ஒரு விசித்திரம் புலப்படும். கடைசிக் கண்ணிதான் முதலில் கணினிக்குள் புகுந்தது. நியாய விலைக் கடையில் 2017 முதல் மின்னணுக் குடும்ப அட்டை வந்துவிட்டது. எந்தக் குடும்பம் எந்தத் தேதியில் எத்தனை கிலோ வாங்கியது என்பது சென்னையிலிருந்தே தெரிகிறது. முதற் கண்ணியாகிய குடியானவரோ, 2021-22 பருவத்தில் இணையவழிப் பதிவு புகுத்தப்படும் வரையில், களத்து மேட்டில் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு முறைக்காகக் காத்திருந்தார். அரிசியை உண்பவரின் கணக்கு முற்றுப்பெற்ற பிறகே, அதை விளைவிப்பவரின் கணக்கைப் பற்றிய நினைவு வந்தது! அந்தப் பதிவையும் டெல்டாக் குடியானவர்களில் பலர் எதிர்த்தார்கள். அவர்களைப் புதுமைக்கு விரோதிகள் என்று சிலர் பரிகசித்ததை நாம் ஒப்பவில்லை. பதிவு செய்தவருக்குக் குறித்த தேதி கிடைத்து, அந்தத் தேதியில் சாக்கும் தராசும் ஆளும் தயாராக இருந்தால் எவரும் எதிர்க்கமாட்டார். பதிவு செய்த பின்பும் அதே வரிசை, அதே காத்திருப்பு என்றால், பழைய கஷ்டத்தோடு புதிய கஷ்டமொன்றும் சேர்ந்ததாகவே குடியானவர் கருதுவார்.

2025-ஆம் ஆண்டின் குறுவை இந்த விஷயத்தில் நல்லதொரு பாடம். அவ்வாண்டு ஜூன் 12-ஆம் தேதி, வழக்கமான நாளில், மேட்டூர் அணை திறக்கப்பட்டது. டெல்டாவில் குறுவை 6 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. நடவு நடக்கும்போதே வேளாண்மை இலாகா வாரந்தோறும் பரப்பைக் கணக்கெடுத்து வெளியிட்டு வந்தது. ஆகவே எவ்வளவு நெல் வரும் என்பது ஜூலை, ஆகஸ்டிலேயே சர்க்காருக்குத் தெரிந்த சங்கதி. அக்டோபர் மத்தியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது, கொள்முதல் நிலையங்களின் வாசலிலும் சாலையோரங்களிலும் நெல் குவிந்து கிடந்தது. நனைந்த குவியல்களில் முளை கண்டது. லாரி போதவில்லை, கிடங்கில் இடமில்லை, சாக்கு இல்லை என்று நிலையத்துக்கு ஒரு காரணம் சொல்லப்பட்டது. நியாய விலைக் கடை அரிசியில் 100 கிலோவுக்கு 1 கிலோ வீதம் கலக்க வேண்டிய செறிவூட்டிய அரிசி மணிகளுக்கு மத்திய சர்க்காரின் அனுமதி தாமதமானதால் அரவை தடைப்பட்டது என்றது மாநில சர்க்கார். முன்னேற்பாடு செய்யாததே காரணம் என்றது எதிர்க்கட்சி. இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை. இரு தரப்பாரும் ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயம் நமக்குப் போதும்: ஆலையில் அரவை நின்றால் கிடங்கு காலியாகாது, கிடங்கு காலியாகாவிட்டால் லாரி நிலையத்துக்குத் திரும்பாது, லாரி திரும்பாவிட்டால் தராசு நிற்கும், தராசு நின்றால் குடியானவர் நெல்லோடு மழையில் நிற்க வேண்டும். ஆலையின் வாசலில் எழுந்த இடையூறு, ஒரு மாத காலத்துக்குள் வயலின் வரப்புக்கு வந்து சேர்ந்துவிடுகிறது.

சாதாரணக் கூட்டல் பெருக்கலில் இதைப் பார்ப்போம். ஏக்கருக்கு 60 மூட்டை என்று வைத்துக்கொண்டால், 6 லட்சம் ஏக்கருக்கு 3 கோடியே 60 லட்சம் மூட்டைகள். அதில் பாதியே கழகத்துக்கு வந்தாலும் 1 கோடியே 80 லட்சம் சாக்குகள் வேண்டும். பேல் ஒன்றுக்கு 500 சாக்கு வீதம் 36,000 பேல்கள். புதிய சணல் சாக்கு தஞ்சையில் விளைவதில்லை; கல்கத்தாவில் உள்ள சணல் கமிஷனர் வாயிலாக முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டியது. நாற்று நடும்போதே சாக்குக்கு எழுதினால்தான் கதிர் சாயும்போது சாக்கு வரும். இனி அறுவடையைப் பார்ப்போம். முற்காலத்தில் ஆட்கள் நாட்கணக்கில் அறுத்து, கட்டுக் கட்டி, அடித்து, உலர்த்தி, பத்தாயத்தில் கொட்டினார்கள். இப்போது அறுவடை யந்திரம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை முடித்து, ஈரம் காயாத நெல்லை அப்படியே வண்டியில் கொட்டிவிடுகிறது. இரண்டு யந்திரங்கள் ஒரு பகலில் 1,200 மூட்டை நெல்லைக் கொண்டுவந்து குவிக்கும். 1,000 மூட்டை எடை போடும் நிலையம், சுற்றிலும் நான்கு யந்திரங்கள் ஓடினால் என்ன செய்யும்? அறுவடை யந்திரம் எந்த ஊருக்கு எந்த நாளில் வருகிறது என்பதை அவ்வூர்க் குழந்தைகளும் அறியும். நிலையத்தின் ஏடு மட்டும் அதை அறியாமல் இருப்பானேன்?

1951-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லயன்ஸ் என்ற தேநீர்க் கடைக் கம்பெனி, வியாபாரக் காரியங்களுக்கென்றே கணினி ஒன்றைச் செய்து ஓட்டியது. வியாபார அலுவலில் தினசரி உபயோகத்துக்கு வந்த முதற் கணினி அதுவே என்பர். ஏவுகணை விடுவதற்கன்று, ரொட்டியும் பணியாரமும் கணக்கிடுவதற்கு! சில ஆண்டுகளில் அக்கம்பெனியின் கடைகள் அடுத்த நாளுக்கு வேண்டிய பண்டங்களில் ஏற்படும் மாற்றத்தைத் தொலைபேசியில் சொல்ல, கணினி அதைக் கொண்டு எவ்வளவு சுடுவது, எந்த வண்டியில் ஏற்றுவது என்று பட்டியல் தந்தது. ஒரு வேளையில் கெட்டுப்போகும் ரொட்டிக்காக ஒரு தனியார் கம்பெனி செய்ததை, ஒரு மழையில் முளைத்துப்போகும் நெல்லுக்காக ஒரு சர்க்கார் ஸ்தாபனம் எழுபது ஆண்டுகளுக்குப் பின்பாவது செய்ய வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

கணினி வந்தால் எல்லாக் குறையும் தீரும் என்று நாம் நம்புகிறவர்கள் அல்ல. முதற் பதிவு பொய்யானால், அதன்மேல் எழுப்பிய கட்டடம் முழுவதும் பொய்யே. நெல் விற்க வருகிறவர் இந்த நிலத்தில் இந்தப் பயிர் செய்தார் என்பதற்கு ருசு, சிட்டாவும் அடங்கலும். பரம்பரைக் கர்ணம் பதவி 1980-இல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். அடங்கல் மட்டும் ஒழியவில்லை. இப்போது அதுவும் மின்னணு வடிவில் வருகிறது. ஆனால் தஞ்சையில் பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், உழுகிறவர் வேறொருவராக இருப்பார். கோயில் நிலமும் மடத்து நிலமும் நிறைந்த ஜில்லா இது. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டும், வாய்மொழிக் குத்தகை இன்றும் நடக்கிறது. பட்டா எண்ணைக் கேட்கும் யந்திரத்தின் முன் வாய்மொழிக் குத்தகைக்காரர் என்ன சொல்வார்? அவர் மெய்யாகவே விளைத்த நெல்லை விற்க மற்றொருவரின் காகிதத்தை நாட வேண்டியிருக்கிறது. அதே சமயத்தில், ஓர் ஏக்கரும் உழாத வியாபாரி, பிறர் பெயரில் பெற்ற காகிதங்களோடு லாரியில் வந்து மூட்டைகளை இறக்குகிறார் என்ற பிராதும் ஓயவில்லை. இருவர் கையிலும் இருப்பது ஒரேவிதமான காகிதம். யந்திரத்துக்கு இருவரும் சமம். நீதிஸ்தலத்தில் சாட்சியை எடைபோட ஒரு நீதிபதி இருக்கிறார். கொள்முதல் நிலையத்தில் அந்த வேலை பருவகாலப் பட்டியல் எழுத்தர் தலையில் விழுகிறது. அவர் பெயரிலேயே ‘பருவகாலம்’ என்று இருக்கிறது. பருவம் முடிந்தால் வேலையும் முடிந்தது. கோடிக்கணக்கான ரூபாய் கைமாறும் கணக்குக்கு முதல் எழுத்தை எழுதுகிறவர், அந்த ஸ்தாபனத்தில் நிரந்தர இடமில்லாதவர். மூட்டைக்கு இவ்வளவு என்று கைக்கூலி வாங்கப்படுவதாகக் குடியானவர்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருவதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எடை போடும் யந்திரம் பொய் சொல்லாது என்பது உண்மையே. முறையை முன்னும் பின்னும் மாற்றுவதற்கு எடை யந்திரத்தின் சம்மதம் தேவையில்லை.

ஆகவே தகவல் கழகத்தின் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தால் போதாது. வெளியே வர வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 120 அடியில் இன்று எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று தஞ்சைக் குடியானவர் எவரைக் கேட்டாலும் காலைப் பத்திரிகை பார்த்துச் சொல்வார். பொதுப்பணி இலாகாவின் சொத்தாக இருந்திருக்கக்கூடிய ஓர் எண், ஊர்ச் சொத்தாக ஆகிவிட்டது. அதனால் அதை மறைக்கவும் இயலாது, திரிக்கவும் இயலாது. தம் ஊர் நிலையத்தில் நாளைக்கு எத்தனை மூட்டை எடை போடுவார்கள், கையிருப்புச் சாக்கு எத்தனை, நேற்று எத்தனை லாரி வந்தது, தமக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டால் அதே குடியானவர் விழிப்பார். இந்த நான்கு எண்களும் எங்கோ ஒரு கணினியில் இருக்கத்தான் செய்கின்றன, மேலதிகாரிகள் பார்க்கிறார்கள். நெல்லுக்குடையவர்தான் பார்ப்பதில்லை.

நிலையத்தின் வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, நாள்தோறும் காலை எட்டு மணிக்கு அந்த நான்கு எண்களைச் சுண்ணாம்புக் கட்டியால் எழுதச் செய்வதற்கு டெண்டர் கோர வேண்டியதில்லை, நிபுணர் குழு வேண்டியதில்லை. அதே எண்கள் அன்றே குடியானவர்களின் கைப்பேசிக்கும் போகலாம். அறுவடை யந்திரத்துக்கு முன்பணம் கொடுக்குமுன் அந்தப் பலகையைப் பார்த்து, இரண்டு நாள் பொறுப்பதா, அடுத்த நிலையத்துக்குப் போவதா என்று அவரே தீர்மானித்துக்கொள்வார். சம்பா அறுவடை ஜனவரியில் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒவ்வொரு நிலையத்திலும் அந்தப் பலகை தொங்குகிறதா, அதில் அன்றைய தேதி இருக்கிறதா என்று பார்த்து வரும் வேலையை அவ்வவ்வூர்ப் பொதுஜன ஊழியர்கள் இப்போதே மேற்கொள்ளலாம்.