கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருந்தால் போதுமா?

தக்காளியிலும் கீரையிலும் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். அதனால் காய்க்குப் பாயும் தண்ணீரைப் பற்றிய அக்கறை விவசாயிக்கு மட்டும் உரியதல்ல, சாப்பிடுகிறவருக்கும் உண்டு.

ஒரத்துப்பாளையம் தந்த பாடம்

பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் சில ஆண்டுகளிலேயே துணிச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கியது. 'தண்ணீர் திறக்காதீர்கள்' என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன்தான் அவை மறுபடி இயங்கின. ஆனால் ஆண்டுக்கணக்கில் கழிவோடு நிலத்தடிக்கு இறங்கிய உப்பு, உத்தரவு வந்ததும் மறைந்துவிடாது.

உப்பு: பயிருக்கு எதிரி

துணியில் சாயம் பிடிக்கச் சேர்க்கும் உப்பும் சோடியம் சல்பேட்டும் தண்ணீரில் கரைந்தால் நிறம் தெரியாது. இதைக் காட்டுவது மின்கடத்துத்திறன் சோதனை. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அளவுகோலில், மீட்டருக்கு 0.7 டெசிசைமன் வரை கவலையில்லை. 3-ஐத் தாண்டினால் கடும் பாதிப்பு. பீன்ஸும் வெங்காயமும் சீக்கிரம் வாடும்; தக்காளி ஓரளவு தாங்கும். சோடியம் மிகுந்தால் மண் இறுகித் தண்ணீர் இறங்காது.

உலோகமும் கிருமியும்: உண்பவருக்கு எதிரி

உப்பு குறைவு என்பதாலேயே தண்ணீர் பாதுகாப்பானது ஆகிவிடாது. காட்மியம் சிறுநீரகத்தையும், ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். கீரை வகைகள் காட்மியத்தை எளிதில் இழுத்துக்கொள்ளும். இலைக்குள் சேர்ந்ததைக் கழுவியோ வேகவைத்தோ போக்க முடியாது. வீட்டுச் சாக்கடை கலந்த தண்ணீரால் வயிற்றுப்போக்கும் டைபாய்டும் வரலாம். எனவே ஆற்றோரமோ பட்டறை அருகிலோ கிணறு இருந்தால் கன உலோகம், கோலிபார்ம் கிருமிச் சோதனைகளையும் கேட்டுச் செய்யுங்கள்.

மாதிரி எடுப்பது எப்படி?

• மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்ட பிறகே பிடியுங்கள்.

• சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, காற்றில்லாமல் நிரப்புங்கள்.

• பெயர், சர்வே எண், ஆழம், பயிர், தேதி எழுதி ஒட்டுங்கள்.

• தாமதிக்காமல் வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலோ கொடுங்கள்.

• கிருமிச் சோதனைக்குத் தனியாகக் கிருமிநீக்கிய பாட்டிலும் ஐஸ் பெட்டியும் வேண்டும். உலோகச் சோதனைக்கான பாட்டிலையும் ஆய்வகத்தில் கேட்டு வாங்குங்கள்.

முடிவு வந்த பிறகு

உப்பு மிதமாக இருந்தால் சொட்டுநீரும் தாங்கும் பயிரும் கைகொடுக்கும். சோடியத்துக்கு ஜிப்சம் இடலாம். கிருமி இருந்தால் பச்சையாகத் தின்னும் காய்களுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். உலோகம் வரம்பைத் தாண்டியிருந்தால் உணவுப் பயிரே வேண்டாம்.

மழைக்குப் பிறகு ஒருமுறை, கோடையில் ஒருமுறை சோதியுங்கள். பக்கத்துத் தோட்டத்து முடிவை வைத்து உங்கள் கிணற்றை எடைபோடாதீர்கள்.