கூடாரத்தில் கரண்ட் அடுப்பு எரியுமா?

லடாக் இந்தியாவின் வடகோடியில் இருக்கிறது. அதன் கிழக்குப் பகுதிக்குச் சாங்தாங் என்று பெயர். அது சுமார் 14,000 அடிக்கு மேலே உள்ள மேட்டு நிலம். மரங்கள் மிகவும் அரிது. குளிர் அதிகம். வெயிலும் அதிகம்.

அங்கே சாங்பா என்னும் மக்கள் வாழ்கிறார்கள். ஆடும் யாக்கும் மேய்ப்பது அவர்கள் தொழில். பஷ்மினா சால்வைக்கு மயிர் தரும் வெள்ளாடுகளை வளர்ப்பவர்கள் இவர்கள்தான். புல் இருக்கும் இடம் தேடிப் போவார்கள். போன இடத்தில் கூடாரம் அடிப்பார்கள். யாக் மயிரால் நெய்த கூடாரத்துக்கு ரெபோ என்று பெயர்.

கூடாரத்தின் உள்ளே அடுப்பு எரியும். விறகு கிடைக்காது. காய்ந்த சாணமும் ஆட்டுப் புழுக்கையும்தான் எரிபொருள். அதன் புகை கண்ணை எரிக்கும். நெஞ்சைக் கெடுக்கும். அடுப்பின் அருகே அதிக நேரம் இருப்பது பெண்களும் குழந்தைகளும்தான்.

இப்போது பல கூடாரங்களுக்கு வெளியே சிறிய சோலார் தகடு இருக்கிறது. இரவில் விளக்கு எரிகிறது. செல்போன் சார்ஜ் ஆகிறது. இதைப் பார்ப்பவர்களுக்கு ஓர் ஆசை வரும். விளக்கு எரிக்கும் வெயில் சோறும் ஆக்கித் தராதா? ஆக்கித் தரும். ஆனால் கணக்குப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

வாட் என்றால் என்ன?

ஒரு கருவி எவ்வளவு வேகமாக மின்சாரத்தைக் குடிக்கிறது என்பதைச் சொல்வது வாட். எல்.இ.டி. விளக்கு 5 வாட். இண்டக்ஷன் அடுப்பு 1,500 வாட். அதாவது ஓர் அடுப்பு முந்நூறு விளக்குக்குச் சமம்.

வாட்டை மணிக் கணக்கால் பெருக்கினால் செலவான மின்சாரம் தெரியும். 5 வாட் விளக்கு 4 மணி நேரம் எரிந்தால் செலவு 20. 1,500 வாட் அடுப்பு 20 நிமிடம் எரிந்தால் செலவு 500. இப்படி 1,000 சேர்ந்தால் அதுவே ஒரு யூனிட்.

வரவு எவ்வளவு?

கூடாரத்தில் 40 வாட் தகடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 5 மணி நேரம் நல்ல வெயில் அடிக்கிறது. 40 பெருக்கல் 5, மொத்தம் 200. தூசி, பேட்டரி, கம்பி ஆகியவற்றில் கொஞ்சம் வீணாகும். மிச்சம் சுமார் 140 கைக்கு வரும். விளக்குக்கும் செல்போனுக்கும் இது தாராளம். ஒரு வேளைச் சமையலுக்கு 500 வேண்டுமே! வரவு 140, செலவு 500 என்றால் குடும்பம் ஓடுமா?

ஒரு வேளை சமைக்க மட்டும் சுமார் 150 முதல் 200 வாட் தகடு தேவை. இரண்டு வேளைக்கு 300 வாட்டுக்கு மேல் வேண்டும். சேமித்து வைக்கப் பெரிய பேட்டரியும் வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்றில் 1,200 இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் காலி செய்தால் அது சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே பயன் 600தான். இரண்டு வேளைக்கு இரண்டு பேட்டரி. இரண்டும் சேர்ந்து சுமார் அறுபது கிலோ இருக்கும். இடம் மாறும்போதெல்லாம் அதையும் சுமக்க வேண்டும்.

ஆபத்து எங்கே?

1,500 வாட் அடுப்பை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டினால், கம்பியில் 125 ஆம்பியருக்கு மேல் பாயும். விளக்குக்குப் போட்ட மெல்லிய கம்பி இதைத் தாங்காது. சூடேறி உருகும். கூடாரத்தில் தீப்பிடித்தால் எல்லாம் போய்விடும். தடித்த கம்பியும், பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸும் கட்டாயம் வேண்டும். இன்வெர்ட்டரும் அடுப்பின் வாட்டை விடப் பெரியதாக இருக்க வேண்டும்.

இண்டக்ஷன் அடுப்பில் 400 என்று வைத்தால் மின்சாரம் குறைவாக இழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பல அடுப்புகள் அப்படிச் செய்வதில்லை. அதிக வாட்டில் சிறிது நேரம் எரிந்து, சிறிது நேரம் அணைந்து, மறுபடி எரியும். சிறிய இன்வெர்ட்டர் இதில் நின்றுவிடும்.

குளிரும் ஒரு பகைதான். குளிரில் சோலார் தகடு நன்றாக வேலை செய்யும். பேட்டரியின் பலமோ குறையும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக் குளிரில் சார்ஜ் செய்யக் கூடாது. செய்தால் உள்ளே கெட்டுவிடும்.

எது லாபம்?

லடாக் மக்கள் வெண்ணெய்த் தேநீர் குடிப்பார்கள். அதைக் கடைய மிக்சி போதும். 500 வாட் மிக்சி 3 நிமிடம் ஓடினால் செலவு 25தான். ஆனால் ஓடத் தொடங்கும் நொடியில் அது இரண்டு மூன்று மடங்கு இழுக்கும். இன்வெர்ட்டர் அதைத் தாங்க வேண்டும்.

மின்சாரத்தில் தண்ணீர் காய்ச்சுவது செலவு மிகுந்த வேலை. ஒரு லிட்டருக்கு 90 போல ஆகும். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் சுமார் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. பிரஷர் குக்கர் தேவை. ஆவி வந்ததும் அடுப்பை நிறுத்திவிட்டு, குக்கரைக் கம்பளியால் நன்றாகப் போர்த்தி வைக்கலாம். உள்ளே இருக்கும் சூட்டிலேயே மீதி வெந்துவிடும். கம்பளிக்கு அங்கே பஞ்சமில்லை.

வெயிலை மின்சாரமாக்காமல் நேராகச் சூடாக்கலாம். சோலார் தகடு தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக மாற்றும். கண்ணாடி மூடிய சூரிய அடுப்புப் பெட்டிக்குப் பேட்டரியும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். பகலில் அரிசியும் பருப்பும் வைத்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போகலாம்.

முழுச் சமையலும் சூரிய மின்சாரத்தில் நடக்காதா? நடந்திருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பேதுல் மாவட்டத்தில் பான்சா என்னும் சிற்றூர் உள்ளது. 2018ஆம் ஆண்டு வாக்கில் அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின் அடுப்பு வந்தது. மும்பை ஐ.ஐ.டி. அதை வடிவமைத்தது. தகடும் பேட்டரியும் அடுப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்ததால் அது முடிந்தது. விளக்குக்கு வாங்கிய தகட்டில் அடுப்பை மாட்டவில்லை.

பெரும்பாலான கருவிகளில் அவற்றின் வாட் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் அதைப் படிக்கலாம். பெருக்கத் தெரிந்தவர் செலவைச் சொல்லிவிடலாம். காசு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

கணக்குப் போடுங்கள்:
1. 100 வாட் தகட்டுக்கு 5 மணி நேரம் வெயில் கிடைத்தால் வரவு எவ்வளவு?
2. அதில் மூன்றில் ஒரு பங்கு வீணானால் மிச்சம் எவ்வளவு?
3. 1,000 வாட் கெட்டில் 15 நிமிடம் ஓடினால் செலவு எவ்வளவு? மிச்சம் போதுமா?