கடல் வண்ண மீன் தொட்டி: முதல் மாதமே முக்கியம்

கடலோரக் கிராமங்களில் உபதொழிலாகக் கடல் வண்ண மீன் வளர்க்க விரும்பும் சிறு விவசாயிகள், இன்று தொட்டியில் கடல்நீரை நிரப்பி நாளையே மீனை விட்டுவிடுவதுண்டு. பத்து நாளில் மீன் செத்து, போட்ட பணமும் போய்விடுகிறது. நோய் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். பெரும்பாலும் குறை நீரில்தான் இருக்கும்.

நீர் பழக வேண்டும்

புஞ்சையில் இடும் யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் படிப்படியாக நைட்ரேட்டாக மாற்றுகின்றன. தொட்டியிலும் இதே வேலை நடக்க வேண்டும். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் உண்டாகும் அமோனியா மீனின் செவுளைத் தாக்கும். நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும்.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி சுமார் 190 லிட்டர் கொள்ளும். கலங்கலில்லாத கடல்நீரைத் துணியில் வடிகட்டி நிரப்பவும். வடிகட்டியில் கழுவிய சிப்பி ஓட்டுத் துண்டுகளைப் போட்டு, காற்றுப் பம்பை இரவு பகல் ஓடவிடவும். ஒரு சிறு இறால் துண்டை நீரில் போட்டால் நுண்ணுயிர்களுக்கு உணவாகும். பரிசோதனையில் அமோனியாவும் நைட்ரைட்டும் உயர்ந்து, பின் இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகே மீன் விட வேண்டும். அதுவும் முதலில் இரண்டு மூன்று மட்டுமே.

உப்பின் கணக்கு

லிட்டருக்கு 30 முதல் 35 கிராம் உப்பு இருக்கலாம். நீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 20 லிட்டர் குறைந்த இடத்தில் கடல்நீரை ஊற்றினால் சுமார் 700 கிராம் உப்பு கூடிவிடும். எனவே குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்றவும். குழாய் நீரானால், குளோரின் போக ஒரு நாள் காற்றூட்டிய பின் ஊற்றவும்.

வாராந்திரப் பராமரிப்பு

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்து, அதே உப்பும் வெப்பமும் உள்ள கடல்நீரைச் சேர்க்கவும். வடிகட்டிப் பொருளை அந்தப் பழைய தொட்டி நீரில்தான் அலச வேண்டும். குழாய் நீரில் கழுவினால் நுண்ணுயிர்கள் அழியும். தீனி சில நிமிடங்களில் தின்று தீரும் அளவே போதும். செம்பு, பித்தளைப் பொருள்கள் நீரில் படக்கூடாது. மின்வெட்டுக்கு பேட்டரி பம்பு அவசியம்.

எந்த மீன்?

புதியவர்களுக்குக் கோமாளி மீன் ஏற்றது. குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டிக்கும் தீனிக்கும் பழகியிருக்கும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் விவரம் கேட்கலாம். பவளம், கடல்குதிரை ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அழகுக்காகக்கூட இவற்றை எடுக்கக் கூடாது.

ஒரு தொட்டியை ஆறு மாதம் நல்லபடியாக நடத்தி, மீனை வாங்குபவரையும் தேடி வைத்துக்கொண்ட பின் இரண்டாவது தொட்டிக்குப் பணம் போடுவதே புத்திசாலித்தனம்.