துவைக்காத ஜீன்ஸ் தொழுகைக்கு ஏற்றதா?



திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தறிச் சத்தம் கேளாத தெரு அரிது. பாவு, ஊடை, நாடா, தார் என்னும் சொற்களைச் சிறுவர்களும் அறிந்த மண் இது. நெசவை அறிந்த நமக்கே வியப்பூட்டும் ஒரு வழக்கம், கனத்த டெனிம் துணியை விரும்புவோரிடையே உலகெங்கும் இருந்து வருகிறது. சலவையே காணாத புது ஜீன்ஸை வாங்கி, ஆறு மாதமோ ஓராண்டோ தண்ணீரில் நனைக்காமல் அணிய வேண்டும் என்பதே அது. அப்பொழுதுதான் நீலம் அழகாக வெளுக்குமாம்! நம் வீட்டுப் பிள்ளைகளின் காதுகளுக்கும் இது எட்டியிருக்கிறது. ஐவேளை தொழும் இளைஞர் இதைப் பின்பற்றலாமா? துணியின் இயல்பை அறிந்துகொண்டால் விடை எளிதில் கிட்டும்.

துணியின் இயல்பு

டெனிம் துணியில் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. சாய்ந்த வரிகளாக நெய்யப்படுவதால் நீலம் மேலேயும் வெண்மை உள்ளேயும் தெரிகின்றன. அவுரி நீலத்திற்கு ஒரு தனிக்குணம் உண்டு. அது நூலின் உள்வரை ஊறுவதில்லை. மேற்புறத்தைச் சுற்றி வளையம்போல் படிந்து நிற்கிறது. எனவே உராயும் இடங்களில் நீலம் தேய்ந்து, உள்ளிருக்கும் வெண்மை வெளிப்படுகிறது. பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் போகாமல், ஆலைச் சலவையும் செய்யாமல் விற்கப்படுவதே 'ரா டெனிம்'.

'செல்வெட்ஜ்' என்பது துணியின் ஓரக்கரையைக் குறிக்கும். நாடாத் தறியில் நாடா இடமும் வலமுமாகச் சென்று திரும்புவதால், ஊடை நூல் அறுபடாமல் ஓரத்திலேயே மடங்கித் திரும்புகிறது. அதனால் ஓரம் பிரிவதில்லை. நாடா இல்லாத் தறியிலோ ஒவ்வோர் ஊடை இழையும் ஓரத்தில் வெட்டப்படுகிறது. பழைய நாடாத் தறியின் துணி ஏறத்தாழ 30 அங்குல அகலமே உடையது. நெய்யும் வேகமும் குறைவு. விலை கூடுவதற்கு இது ஒரு காரணம். இத்துணிக்குப் பெயர்பெற்ற அமெரிக்காவின் கிரீன்ஸ்போரோ நகர ஒயிட் ஓக் ஆலை 2017ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. இன்று ஜப்பானின் ஒக்கயாமா பகுதி இதற்குப் புகழ்பெற்று விளங்குகிறது.

டெனிமின் கனத்தைச் சதுர கெஜத்திற்கு இத்தனை அவுன்ஸ் என்று கணக்கிடுவர். 16 அவுன்ஸும் அதற்கு மேலும் கனத்த வகை எனப்படும். 16 அவுன்ஸ் என்பது சதுர மீட்டருக்குச் சுமார் 540 கிராம் ஆகும்.

வெளுப்பின் விலை

கடையில் வாங்கும்போதே வெளுத்திருக்கும் ஜீன்ஸ் எவ்வாறு வெளுத்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? மணலை அழுத்தக் காற்றுடன் துணியின்மீது பீய்ச்சி வெளுக்கச் செய்யும் முறை ஒன்று இருந்தது. துருக்கியில் இவ்வேலை செய்த இளம் தொழிலாளர்கள், மணற்பொடியைச் சுவாசித்து, சிலிகோசிஸ் என்னும் மீளா நுரையீரல் நோய்க்கு ஆளாயினர், பலர் மாண்டனர். 2009இல் துருக்கி அரசு இம்முறையைத் தடைசெய்தது. ஒருவரின் அலங்காரத்திற்காக மற்றொருவரின் மூச்சு பறிபோவதை எந்த உள்ளம் ஏற்கும்?

ரா டெனிமுக்கு இந்தக் கொடுமை தேவையில்லை. அணிபவரின் நடையும் உழைப்புமே அதை வெளுக்கச் செய்கின்றன. தொழுகையாளியின் ஜீன்ஸ் ஸுஜூதில் ஊன்றும் முழங்காலில் முதலில் வெளுக்கக்கூடும். ஆகவே இத்துணியை விரும்புவதில் குறைகாண்பதற்கில்லை. குறை, துவைக்கக் கூடாது என்னும் பிடிவாதத்தில்தான் இருக்கிறது.

துவைக்காமல் இருக்கலாமா?

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 2011இல் ஒரு சோதனை நடந்தது. 15 மாதம் துவைக்காமல் அணிந்த ஜீன்ஸிலும், அதே ஜீன்ஸைத் துவைத்தபின் 13 நாள் அணிந்தபோதும் கிருமிகளின் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. துவைக்காதவர்கள் இதனை ஆதாரமாகக் காட்டுகின்றனர். ஆனால், சோதனை நடந்தது குளிர் நாட்டில், அணிந்தவரும் ஒருவரே. சித்திரை வெயிலில் நம் பகுதியில் கனத்த துணிக்குள் வியர்வை தேங்கினால் தொடையிடுக்கில் படர்தாமரை வரும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேலும், வியர்வையும் நுண்மணலும் துணியிலேயே தங்கினால் இழைகள் தேய்ந்து விரைவில் கிழியும்.

தொழுகைக்கு உடலும் உடையும் இடமும் தூய்மையாக இருத்தல் நிபந்தனை. வியர்வை அசுத்தமன்று, நீலச்சாயம் தோலில் ஒட்டினாலும், அது படலமாகப் படியாத வெறும் நிறமாதலால் ஒளூவைத் தடுக்காது. ஆனால் சிறுநீர்த் துளி முதலான நஜீஸ் பட்டுவிட்டால், அவ்விடத்தை உடனே கழுவியே ஆகவேண்டும். நிறம் மாறிவிடுமே என்று தயங்குவது, தொழுகையைவிடத் துணியைப் பெரிதாக்குவதாகும். முழு ஆடையையும் துவைக்க வேண்டியதில்லை. பட்ட இடத்தைக் கழுவினால் போதும்.

பேணும் முறை

1. சுருக்கம் நீக்கப்படாத வகையானால், முதல் நனைப்பில் 10 விழுக்காடு வரையிலும் சுருங்கக்கூடும். எனவே முதலில் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே நீளத்தை அளந்து தைக்கக் கொடுங்கள்.

2. ஓரக்கரையைக் காட்டுவதற்காகக் காற்பகுதியை வெளியே மடித்துவிடுகிறார்கள். தொழுகையில் ஆடையை மடித்துவிடுவது வெறுக்கத்தக்கது என்று மார்க்க அறிஞர்கள் கூறுவர். கணுக்காலுக்கு மேல் நிற்குமாறு தையற்காரரிடம் தைத்துக்கொள்வதே மேல். ருகூவிலும் ஸுஜூதிலும் இறுக்காதபடி தளர்வாகவும் இருக்கட்டும்.

3. கோடையில் இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறையேனும், நாற்றமோ அழுக்கோ கண்டால் அதற்கு முன்பே துவையுங்கள். உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் ஊறவைத்து, கையால் அலசுங்கள். பிளீச்சிங், முரட்டு பிரஷ், வெந்நீர் மூன்றும் வேண்டா. வெள்ளை வேட்டியோடும் ஜுப்பாவோடும் சேர்த்து நனைக்கவே கூடாது.

4. முறுக்கிப் பிழியாமல், நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். கடும் வெயில் நிறத்தை உறிஞ்சிவிடும்.

5. அன்றாடம் கழற்றியதும் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

6. தையல் விட்டாலும் இழை மெலிந்தாலும் உடனே உள்ளே ஒட்டுக் கொடுத்துத் தையுங்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொள்பவர்களாக இருந்தார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒட்டுப்போட்ட ஆடை இழிவு என்று எண்ணுவோர் இதனைச் சிந்திக்கட்டும்.

இளைஞர்களுக்கு இன்னுமொரு சொல். கனத்த ஜீன்ஸ் நனைந்துவிட்டால் தூக்குவதற்கே பாரமாக இருக்கும். அதை உம்மாவின் தலையிலோ மனைவியின் தலையிலோ சுமத்தாமல், விரும்பி வாங்கியவரே அலசி உலர்த்துவதுதான் நியாயம்.

பெற்றோரே! பிள்ளை இத்தகைய ஜீன்ஸைக் கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். ஆண்டுக்கு நான்கு வாங்கிக் கிழித்தெறிவதைவிட, ஒன்றை வாங்கிப் பல்லாண்டு பேணி அணிவது சிக்கனமே. வீண்விரயத்தை நம் மார்க்கம் வெறுக்கிறது. அழுக்கையும் அது விரும்பவில்லை. நீலம் சிறிது முன்பின்னாக வெளுக்கட்டும். அதை உடுத்தித் தொழுகைக்கு நிற்கும்போது உடை தூய்மையாக இருந்தால் போதும்.