உயிரணுவுக்குள் ஓர் உலா – 11: நடக்கும் புரதங்களும் குடற் புற்றுநோயும்

உயிரணுவுக்குள் சுமை தூக்கிச் செல்லும் மோட்டார் புரதங்களில் மயோசின், டைனீன், கைனெசின் என மூன்று குலங்கள் உண்டு என்பதையும், அவற்றுள் கடைசியாக வெளிச்சத்துக்கு வந்த கைனெசினை 1985-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாய்வுக் கூடத்தில் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகிய மூவரும் ஊசிக்கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து கண்டெடுத்த வரலாற்றையும் சென்ற இதழில் பார்த்தோம். ஓர் எட்டுக்கு 8 நானோமீட்டர், ஓர் எட்டுக்கு ஆற்றல் தரும் ஓர் ஏ.டி.பி. மூலக்கூறு என்று கணக்குப் பிசகாமல் நடக்கும் கைனெசின் முதலான இந்த ஊழியர்கள், புற்றுநோய் என்னும் ஒழுங்கீனம் புகுந்த சரீரத்தில் என்ன செய்கிறார்கள் என்பதே இந்த வாரத்து விஷயம். இவற்றுள் சில இல்லாமற் போவதால் நோய் லாபமடைகிறது. வேறு சில ஓயாமல் உழைப்பதாலும் நோய்க்கே லாபம். ஆகையால் மோட்டாரை நிறுத்தினால் புற்று நின்றுவிடும் என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. இதை விளங்கிக்கொள்ளப் பெருங்குடலைப்போல வசதியான அவயவம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

பெருங்குடலின் உட்புறத் தோல், கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான குழிகளால் ஆனது. குழியின் அடியில் மூல உயிரணுக்கள் பிரிந்து பெருக, அவற்றின் சந்ததிகள் சுவரோடு ஒட்டி மேலேறி, ஏறும்போதே பக்குவமடைந்து, விளிம்பை எட்டிச் சில நாள் பணிபுரிந்து, ஒரு வாரத்துக்குள் உதிர்ந்து மலத்தோடு வெளியேறுகின்றன. பிறப்பும் யாத்திரையும் மரணமும் இவ்வளவு விரைவாக நடக்கும் இடத்தில், உரிய காலத்தில் மேலேறாமல் அடியிலேயே தங்கிப் பெருகும் உயிரணு எத்தகைய அபாயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1991-இல் அடையாளம் காணப்பட்டதும், பெருங்குடற் புற்றுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 80-இல் பழுதுபட்டிருப்பதுமான ஏ.பி.சி. என்னும் மரபணு இந்தக் கதையில் முதலில் வருவது அதனால்தான். பெருக்கத்தைத் தூண்டும் பீட்டா-கட்டெனின் என்ற புரதத்தை அடக்கிவைப்பதே ஏ.பி.சி. புரதத்தின் பிரதான தொழில் என்று பாடநூல்கள் கூறும், அது மெய்தான். ஆயினும் அதே புரதம், கைனெசின் வகையைச் சேர்ந்த ஒரு மோட்டாரின்மேல் ஏறி, தண்டவாளம்போல் அமைந்த நுண்குழல்களின் வழியே உயிரணு நகரும் திசையிலுள்ள முனைக்குச் சென்று சேர்கிறது என்பதையும், புற்றில் காணும் குறைப்பட்ட ஏ.பி.சி. அம்முனையில் போதிய அளவு குவிவதில்லை என்பதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002-இல் காட்டினார்கள். அடக்குவதற்கும் ஆளில்லை, நகர்த்துவதற்கும் ஆளில்லை என்ற இரட்டை நஷ்டம் இதில் உண்டு.

இதைவிட வியப்பானது மயோசின் குலத்து வரலாறு. குடலின் முதிர்ந்த உயிரணு ஒவ்வொன்றின் தலையிலும் நுண்விரல்கள் அடர்ந்து நிற்கின்றன. இந்த அடர்த்தியைத் தூரிகை விளிம்பு என்பார்கள். ஒவ்வொரு விரலின் நடுவிலும் ஆக்டின் என்னும் புரத இழைகளின் கட்டு ஒன்று ஓட, அந்தக் கட்டையும் அதைப் போர்த்திய சவ்வையும் மயோசின் 1ஏ என்னும் மோட்டார், பக்கவாட்டில் வரிசையாக நின்று, பிணைத்து வைத்திருக்கிறது. அது வெறும் பிணைப்பன்று. சவ்வை விரலின் நுனி நோக்கி மெதுவாகத் தள்ளிச் சென்று, நுனியிலிருந்து சிறு சிறு குமிழிகளாகக் குடலுக்குள் உதிரச் செய்யும் விசையும் அதுவே என்று 2007-இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் மெய்ப்பித்தனர். இத்தகைய மோட்டாரை அறவே நீக்கிய எலிகள் என்னவாகும்? தூரிகை விளிம்பு சீர்குலைந்தது. ஆனால் எலிகளோ உண்டு, வளர்ந்து, வெளிப்பார்வைக்குச் சுகமாகவே இருந்தன! ஒரு புரதத்தை எடுத்துவிட்டும் பிராணி பிழைத்தால் அப்புரதம் அநாவசியம் என்று முடிவு கட்டும் அவசரம் ஆய்வுக்கூடங்களிலும் உண்டு. அந்த அவசரத்துக்கு 2012-இல் பார்சிலோனாவிலிருந்து பதில் வந்தது. அங்கே டியேகோ அராங்கோவின் குழுவினர், மனிதரின் பெருங்குடற் புற்றுகளில் மயோசின் 1ஏ அடிக்கடி செயலிழந்திருப்பதையும், அதன் அளவு குறைந்த நோயாளிகளின் ஆயுள் குறுகியிருப்பதையும், அம்மோட்டார் இல்லாத எலிகளுக்குப் புற்றூக்கும் ரசாயனத்தைக் கொடுத்தால் மற்ற எலிகளைக் காட்டிலும் அதிகமாகக் கட்டிகள் தோன்றுவதையும் எடுத்துக்காட்டினார்கள். சாதாரண நாளில் குறை தெரியவில்லை. சோதனை வந்த நாளில் தெரிந்தது. மேல் எது, கீழ் எது என்ற திசையுணர்வை உயிரணு இழந்துவிட்டால், முதிர்ச்சியும் அதனுடன் நழுவிப்போகிறது.

இனி மறுபக்கம். உயிரணு இரண்டாகப் பிரிகையில் குரோமோசோம்களை இழுத்துப் பங்கிடும், நுண்குழல்களாலான கதிர்க்கோலை அமைக்க உதவுபவையும் கைனெசின்களே. நம் வீட்டு முற்றத்தில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து 1958-இல் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்ட வின்பிளாஸ்டின், நுண்குழலையே கலைத்துப் பிரிவினையைத் தடுப்பது. நிணநீர்ப் புற்றுகளில் புகழ்பெற்ற அது, குடற் புற்றில் கைகொடுக்கவில்லை. நுண்குழல் நரம்புகளுக்கும் ஜீவாதாரமாகையால், அதைத் தொடும் மருந்துகள் கைகால்களை மரத்துப்போகச் செய்தன. நுண்குழலை விட்டுவிட்டு, அதன்மேல் நின்று கதிர்க்கோலின் இரு முனைகளை விலக்கித் தள்ளும் ஈஜி5 என்ற கைனெசினை மட்டும் முடக்கினால் என்ன என்ற யோசனைக்கு, 1999-இல் ஹார்வர்டில் கண்ட மோனாஸ்ட்ரால் என்ற சேர்மம் உயிர் கொடுத்தது. எலிகளில் நல்ல பலன் தெரிந்தும், இவ்வகை மருந்துகள் மனிதரின் திடக்கட்டிகளில் பெருத்த ஏமாற்றமே தந்தன. எலியில் நட்ட கட்டி வேகமாகப் பிரிவது. மனிதனின் கட்டி நிதானமாகப் பிரிவது. நோயாளியின் உடலில் விரைந்து பிரிவது எலும்பு மஜ்ஜையாதலால் முதலில் அடிபட்டவை வெள்ளணுக்களே. போதாக்குறைக்கு, ஈஜி5 முடங்கினால் அதன் வேலையை ஏற்றுக்கொள்ள வேறொரு கைனெசினும் காத்திருக்கிறது.

ஆகவே, புற்றணுவுக்கு மட்டும் இன்றியமையாத மோட்டார் எது என்ற தேடல் தொடங்கியது. பெருங்குடற் புற்றுகளில் நூற்றுக்கு 85 வரையில் குரோமோசோம்கள் எண்ணிக்கை தவறிக் கிடப்பவை. அத்தகைய அணுக்கள் கிஃப்18ஏ என்ற கைனெசினைப் பெரிதும் சார்ந்திருப்பதை, 2021-இல் ஒன்றையொன்று சாராத ஆய்வுகள் ஒருங்கே தெரிவித்தன. தேரோடும் வீதியில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பவனைப்போல, பிரிவினைக்கு அணிவகுத்து நிற்கும் குரோமோசோம்கள் இங்குமங்கும் ஆடாமல் நிறுத்திவைப்பது இதன் தொழில். இயல்பான அணு இதில்லாமலும் எப்படியோ சமாளித்துக்கொள்கிறது. கணக்குத் தவறிய அணுவால் முடிவதில்லை. இந்தப் புரதமே இல்லாத எலிகள் உயிர்வாழ்கின்றன, ஆண் எலிகள் மலடாகின்றன என்ற ஒரு பெருங்குறையைத் தவிர. இதைத் தடுக்கும் மருந்துகள் மனிதரில் ஆரம்பக்கட்டப் பரீட்சைக்கு வந்துள்ளன; குரோமோசோம் நிலைகுலைந்த கட்டியா அன்றா என்று பார்த்து நோயாளிகளைப் பிரித்தெடுத்துத்தான் இம்மருந்தின் பலனை மதிப்பிட வேண்டியிருக்கும்.